மாப்ள, நீ கேட்ட ரூஃப் ரேக் விஷயம்

மாப்ள,

எப்படி இருக்க? உன் லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, அன்னிக்கே எழுத உக்காந்தேன், சின்னவளுக்கு பரீட்சை, நடுவுல வீட்ல பெயின்ட் வேலை, எல்லாம் இப்பதான் ஓஞ்சுது. உன் பையன் சைக்கிள் ரேஸ்ல சேந்துட்டான்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம்டா. நாம ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சதெல்லாம் ஞாபகம் வந்துச்சு.

எலக்ட்ரிக் கார்ல சைக்கிள் ஏத்த ரூஃப் ரேக், அதான் கூரைக்கு குறுக்கால மாட்டுற பார், மாட்டலாமான்னு கேட்டிருந்தல்ல, மாட்டலாம், ஆனா மொதல்ல மேனுவல எடுத்து ரூஃப் லோடு, அதாவது கூரை தாங்குற பாரம், எவ்ளோன்னு பாரு. இந்த வண்டிகள்ல நெறைய மாடலுக்கு கூரை ஃபுல்லா கண்ணாடி, மேல ரெயிலும் இருக்காது, கண்ணாடி ஓரத்துல டிரிம்முக்கு, அதான் ஓரப்பட்டைக்கு, அடியில இருக்குற பாயின்ட்லதான் ரேக்கோட கால் உக்காரணும், பாரம் முழுக்க அது வழியா பாடிக்கு எறங்கணும், கண்ணாடி மேல அழுத்தம் வரவே கூடாது. டெஸ்லா மாடல் 3க்கு 68 கிலோ, மாடல் ஒய்க்கு 75 கிலோன்னு போட்டிருக்கான், அவ்ளோதான் தாங்கும். ரேக்கோட சொந்த வெயிட்டும் கணக்குல வருதான்னு உன் மேனுவல்ல பாத்துக்க. ரேக்கே மாட்டக்கூடாதுன்னு போட்டிருந்தா அதோட விட்டுடு.

நான் மொத தடவை கை அழுத்தத்த நம்பி டைட் பண்ணேன், ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கம்மி, பாரும் லேசா கோணல். எழுபதுல போகும்போதே விசில் அடிக்க ஆரம்பிச்சுது. பெட்ரோல் வண்டின்னா இன்ஜின் சத்தத்துல அமுங்கிப்போயிருக்கும், இதுல காத்து சத்தம் அப்படியே காதுல விழுது. அப்புறம் எல்லாத்தையும் கழட்டி, ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து, பார் மேல இருக்குற பள்ளத்துல ரப்பர் பட்டைய முழு நீளத்துக்கும் போட்டு, புக்ல இருக்குற அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல, அதான் இறுக்கத்த அளந்து முறுக்குற ஸ்பேனர்ல, டைட் பண்ண பிறகுதான் சத்தம் நின்னுச்சு. மாட்டி அம்பது கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை நிறுத்தி போல்ட் எல்லாம் செக் பண்ணிடு.

இப்ப முக்கியமான விஷயம், ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல வண்டி போற தூரம். வெயிட்டப் பத்தி கவலப்படாத, பேட்டரியே நூத்துக்கணக்கான கிலோ, ரெண்டு சைக்கிள் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. எதிரி காத்துதான். ஸ்பீடு ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும், சைக்கிள நிமித்தி மேல நிக்க வச்சா அது அவ்ளோ காத்தையும் மார்ல வாங்குது. நான் ஒரே ரோட்ல நூறுல ஓட்டி குறிச்சு வச்சேன். மேல ஒண்ணும் இல்லாம 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட், வெறும் பார் மட்டும் இருந்தப்ப 16, ரெண்டு சைக்கிளோட 20. நம்ம ரெண்டு பேர் வண்டியிலயும் 45 யூனிட் பேட்டரிதானே, முந்நூறு போற வண்டி இருநூத்தி இருபத்தஞ்சுல நின்னுடும். கெளம்பும்போது ஸ்கிரீன் காட்டுற ரேஞ்ச நம்பாத, மேல என்ன ஏத்திருக்கன்னு அதுக்குத் தெரியாது, அது முந்தி ஓட்டினத வச்சுதான் கணக்கு போடும். வழக்கமா நிறுத்துற சார்ஜருக்கு முந்தின சார்ஜர்லயே நிறுத்து. எம்பதுல போனா நல்ல வித்தியாசம் தெரியும்.

வேலை முடிஞ்சதும் ரேக்க கழட்டிடுடா, தயவுசெஞ்சு. நான் சோம்பேறித்தனமா மூணு மாசம் அப்படியே விட்டுட்டேன், வெறும் பாருக்காக ஒவ்வொரு சார்ஜ்லயும் கொஞ்சம் போயிட்டே இருந்துச்சு.

உன் பையனோட ஒரு சைக்கிள் மட்டும்தான்னா என் அபிப்பிராயம் வேற. முன் சக்கரத்த கழட்டி, பின் சீட்ட மடக்கி, ஒரு பழைய போர்வைய விரிச்சு உள்ளயே படுக்க வச்சுடு. ரேஞ்சும் குறையாது, சைக்கிளும் பத்திரம். டோ பார், அதான் வண்டிக்குப் பின்னாடி இழுவைக்கு மாட்டுற கொக்கி, போட உன் வண்டிக்கு அனுமதி இருந்தா பின்னாடி மாட்டுற கேரியரும் நல்லதுதான், அது வண்டியோட மறைவுல இருக்கறதால காத்து கம்மியா அடிக்கும், நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையாம பாத்துக்க. அவன் கூட்டாளிங்க ரெண்டு மூணு பேரையும் ஏத்திட்டுப் போகணும்னு எழுதியிருந்தியே, அதுக்குன்னா ரேக் வாங்கு.

லீவுல நான் வரேன்ல, அப்ப டார்க் ரெஞ்ச கொண்டு வரேன், ரெண்டு பேரும் சேந்து மாட்டலாம். அதுவரைக்கும் அந்த டிரிம்ம நீயா நெம்பாத, கிளிப் ஒடஞ்சுடும். தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு. உன் முட்டி வலி எப்படி இருக்குன்னு நீ எழுதவே இல்ல, அடுத்த லெட்டர்ல எழுது.

உன் மாப்ள