ஒழுங்கைத் தோட்டத்திலிருந்து ஒரு நன்றி மடல்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஒழுங்கைக்கும் அயலட்டைக்கும், கடல் கடந்திருக்கும் காணிக்காரருக்கும் வணக்கம்.

போன கிழமை பயற்றங்காய் பிடுங்கிப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது, “இதுக்கெல்லாம் ஆருக்கு நன்றி சொல்லுறது?” என்று ஒரு பெடியன் கேட்டான். விரல் விட்டு எண்ணத் தொடங்கினோம், விரல்கள் போதவில்லை. வீடு வீடாகப் போனால் தேத்தண்ணி குடித்தே பொழுது போய்விடும். அதனால்தான் இந்த மடல்.

ஒழுங்கைக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு தோட்டம் செய்வோம் என்பது, 2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது பிறந்த யோசனை. ஒரு கிலோ கத்தரிக்காயின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்த ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். அதற்கு முந்தைய வருடம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது நாடே திகைத்தது. தொண்ணூறுகளில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் யூரியா கண்ணில் படாமலே தோட்டம் செய்த எங்கள் ஐயாமாருக்கு மட்டும் அது பழைய கதை.

ஒழுங்கை முடிவில் இரண்டு பரப்பு வெறுங்காணி கிடந்தது. நாயுருவியும் உடைந்த சீமெந்துக் கல்லும் பிளாஸ்ரிக் போத்தலும்தான் அங்கே விளைச்சல். டெங்கு பார்க்க வருகிறவர்கள் படலையில் எச்சரிக்கைத் துண்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். காணிக்காரர் ரொறன்ரோவில். அவரோடு வட்ஸ்அப்பில் கதைத்தபோது முதலில் தயங்கினார். தயங்கியதில் பிழையில்லை. பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தால் காணிக்கே உரிமை கோரலாம் என்று சட்டம் இருக்கிற நாட்டில், வெளிநாட்டில் இருக்கிறவர் பயப்படாமல் என்ன செய்வார்? ஒழுங்கையின் சட்டத்தரணி அக்கா காசு வாங்காமல் ஒரு குத்தகைக் கடிதம் எழுதித் தந்தார். காணிக்காரரின் அனுமதியோடுதான் செய்கிறோம், கேட்ட நேரம் விட்டுவிடுவோம் என்று எல்லோரும் கையெழுத்து வைத்தோம். வருடக் குத்தகை நூறு ரூபாய். காணிக்காரர் இன்றுவரை அதை வாங்கவில்லை. “அம்மா நட்ட முருங்கை காய்ச்சால் படம் அனுப்புங்கோ” என்பார், அவ்வளவுதான். அண்ணை, இந்த வருடமும் காய்த்திருக்கிறது. படம் வரும்.

அடுத்த நன்றி, தோட்டத்துக்குத் தன் கிணற்றிலிருந்து தண்ணீர் தரும் கிணற்று மாமிக்கு. இதைக் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டும்.

ஆறில்லாத ஊர் இது. மாரியில் பெய்வது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் வருடம் முழுக்க அள்ளுகிறோம். அந்த நல்ல தண்ணீர் கடலின் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மாமிதான் சொன்னார். “மேலால மெதுவா அள்ளினா நல்ல தண்ணி, பேராசையில இறைச்சா கீழ கிடக்கிறது ஏறி வந்திடும் பிள்ளை.” எங்கள் ஆர்வக்கோளாறில் முதல் மாதமே மோட்டரைப் போட்டு இரண்டு மணித்தியாலம் இறைத்தோம். அடுத்த நாள் காலை மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு தோட்டத்துக்கு வந்தார். எதுவும் பேசாமல் நீட்டினார். கரித்தது.

அப்புறம் வந்த ஒழுங்கு மாமியினுடையது. காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். சித்திரை தொடங்கி ஆவணி வரை அவருடைய முதல் தேத்தண்ணிதான் எங்களுக்குக் கட்டளை. கரித்தால் அன்றைக்கு இறைப்பு இல்லை. கன்று வாடினாலும் மனம் இளகமாட்டார். பிழைத்தது கிணறு மட்டுமல்ல, எங்கள் மிளகாயும்தான்.

தண்ணீர் குறைத்தும் பயிர் நின்றது என்றால் அது மூலை வீட்டு ஐயாவின் கைவண்ணம். ஒரு காலத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். எங்கள் சப்பை மண்ணைக் கையில் அள்ளி உதிர்த்துப் பார்த்துவிட்டு, “இது மண்ணில்லை, சாம்பல்” என்றார். ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, பனையோலையைக் கிழித்து அடுக்கி, அதன்மேல் பூவரசங்குழையும் வேப்பங்குழையும் போட்டு மிதித்து மூடச் சொன்னார். ஓலை மெல்ல உக்கும், உக்கும்வரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எழுபது தாண்டிய மனிதர் வரம்பில் குந்தியிருந்தபடி ஓலை கிழித்துப் போட்டதை எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள் என்பதையும் குறித்துவைக்கிறேன்.

கோவா இலையும் வாழைத்தண்டும் சாக்கில் கட்டி வைத்த, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வியாபாரிகளுக்கும், தேயிலைச் சக்கை சேர்த்துத் தந்த சந்திக் கடை அண்ணைக்கும், மாட்டெரு தந்த வீட்டாருக்கும் நன்றி. அதே வீட்டு மாடு கட்டாக்காலியாக வந்து வெண்டியை மேய்ந்துவிட்டுப் போனதும் உண்மைதான். கணக்குச் சரி. ஒரு கடிதத்துக்காக எங்களை மூன்று முறை அலைக்கழித்த அலுவலகத்துக்கும் ஒரு கும்பிடு. அந்த அலைச்சலில்தான் வேலிக்குக் கதியால் தரக்கூடிய ஒருவரைச் சந்தித்தோம்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் பாத்தியெல்லாம் மூழ்கியபோது, சொந்த வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்க, மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிய பெடியளை மறக்க முடியாது. தக்காளி போய்விட்டது. கத்தரியில் பாதி தப்பியது.

புடலங்காய் வளையாமல் வளர நுனியில் கல் கட்டுவது சின்னவர்களின் வேலை. ஏழு வயதுக்காரி ஒருத்தி ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். எந்தக் காய்க்கு எந்தக் கல் என்பதில் அவளோடு வாதாடி வென்றவர் இல்லை.

கடைசியாக ஒரு விசயம். முதல் நாள் கல்லுக் கிளப்ப யாரோ ஓர் அலவாங்கு கொண்டுவந்து தந்தார்கள். பிடியில் சிவப்புப் பெயின்ற் வளையம் இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் கேட்டு வரவில்லை. உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற சனிக்கிழமை மட்டும் வேண்டாம், புதுப் பந்தலுக்குக் கிடங்கு தோண்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
ஒழுங்கைத் தோட்டக்காரர்கள்
யாழ்ப்பாணம்