கருவூலத்துப் பக்கம் வர நினைக்கும் கயலுக்காக

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி காலை நடை தொடங்கியிருக்கிறாய் என்பதில் சந்தோஷம். கயல் சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல்) ஃபைனல் தேறியதற்கு என் வாழ்த்தைச் சொல். கம்பெனியா, அரசுக் கணக்கா என்று அவள் குழம்புவதாக எழுதியிருந்தாய். அரசுக் கணக்கு வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டால் முடிவு எடுப்பது சுலபம்.

கம்பெனியில் சரக்கு வந்து இறங்கினாலே செலவு கணக்கில் ஏறிவிடும். அரசில் பில் பாஸாகிப் பணம் போன நாளில்தான் செலவு. மார்ச்சில் வாங்கிய பொருளுக்கு ஏப்ரலில் பணம் கொடுத்தால் அது புது ஆண்டின் செலவு. போன ஆண்டு அதற்கென வைத்த ஒதுக்கீடு மார்ச் 31 இரவோடு காலாவதி. கஜானாவில் பணம் எவ்வளவு இருந்தாலும், அந்தத் தலைப்பில், அதாவது அந்தச் செலவு வகையில், சட்டமன்றம் அனுமதித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மீறிச் செலவானால் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து, அரசமைப்பின் 205-ஆம் பிரிவின்படி சட்டமன்றம் பின்னால் முறைப்படுத்த வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகலாம்.

தலைப்பு என்றேனே, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெருந்தலைப்புக்கு நான்கு இலக்கம். முதல் இலக்கம் 0, 1 என்றால் வருவாய் வரவு. 2, 3 வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனம். 6, 7 கடன்கள். 8 பெரும்பாலும் பொதுக் கணக்கு, அதாவது வைப்புத்தொகை போல அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம். பொதுக் கல்விச் செலவு 2202, கல்விக் கட்டடங்களுக்கான மூலதனச் செலவு 4202. பள்ளிக் கூரையைப் பழுதுபார்த்தால் வருவாய்ச் செலவு, புது வகுப்பறை கட்டினால் மூலதனச் செலவு. ஆனால் உள்ளாட்சிக்கு மானியமாகக் கொடுத்து, அவர்கள் அதே வகுப்பறையைக் கட்டினால்? கொடுத்த அரசின் புத்தகத்தில் அது வருவாய்ச் செலவுதான். இங்கே தப்பாகப் போட்டால் வருவாய்ப் பற்றாக்குறையே குறைத்துக் காட்டப்படும். தணிக்கையின் கண் முதலில் விழுவது இங்கேதான்.

பட்ஜெட் என்றால் நிதியமைச்சர் உரை என்று வெளியே நினைக்கிறார்கள். உள்ளே அது நம்பர் ஸ்டேட்மென்டில் தொடங்குகிறது. ஒவ்வோர் அலுவலகமும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், இருக்கும் ஆள், அவரவர் சம்பளம், இன்கிரிமென்ட் விழும் காலாண்டு என்று வரிசையாக எழுத வேண்டும். யாரும் விரும்பி உட்காராத சீட் இது. என்னைக் கேட்டால், கயல் அங்கேயே ஆரம்பிக்கட்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார். இடம் 40, ஆள் 33, சராசரி அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். காலியிடம் ஏழையும் நிரம்பியதாக எழுதிவிட்டால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் 42 லட்சம் மிகையாகக் கேட்கிறோம். கடைசியில் அது சரண்டர் ஆகும், அதாவது செலவாகாமல் நிதித்துறைக்கே திரும்பும், அதுவரை வேறு துறைக்குப் போயிருக்க வேண்டிய பணம் முடங்கிக் கிடக்கும். மறுபக்கம், ஜூலையில் வரும் 4 சதவீத அகவிலைப்படியைச் சேர்க்க மறந்தால் மாதம் 66,000 துண்டு விழும். இதை எத்தனை மாதத்தால் பெருக்குவது? ஒன்பது என்பாள் கயல். எட்டு. தமிழ்நாட்டில் மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் பட்டுவாடா, அதனால் நிதியாண்டின் பன்னிரண்டு சம்பளம் மார்ச் முதல் பிப்ரவரி வரை. இது தெரியாமல் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டோடு, ஏப்ரலில் கொடுக்கும் முந்தைய மார்ச்சையும் சேர்த்துப் பதின்மூன்று சம்பளம் போடுகிறவர்கள் உண்டு.

நடுவில் பணம் போதவில்லை என்றால் ஒரே மானியக் கோரிக்கைக்குள் (ஒரு துறைக்காகச் சட்டமன்றத்திடம் கேட்கும் தொகை) மிச்சமிருக்கும் தலைப்பிலிருந்து மறுநிதி ஒதுக்கம் செய்யலாம். வருவாயிலிருந்து மூலதனத்துக்கோ, ஒரு மானியத்திலிருந்து இன்னொன்றுக்கோ மாற்ற முடியாது. திட்டமே புதிது என்றால், கையில் மிச்சம் இருந்தாலும் சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். அதற்காகத்தான் துணை மதிப்பீட்டில் ஆயிரம் ரூபாய் மட்டும் டோக்கனாகக் கேட்பது. பத்திரிகைக்காரர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மார்ச் மாதத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒதுக்கீடு போய்விடுமே என்று கடைசி வாரத்தில் பில்கள் குவியும். வேலை முடியாத பணத்தை எடுத்து 8443 என்ற வைப்புத்தொகைத் தலைப்பில் உள்ள பி.டி. (பர்சனல் டெபாசிட்) கணக்கில் போட்டுவைப்பார்கள்; புத்தகத்தில் செலவு, நிஜத்தில் ஒரு செங்கல்கூட ஏறியிருக்காது. ஏ.சி. பில் எனும் சுருக்கப் பில்லில் முன்பணம் எடுத்துவிட்டு, வவுச்சர்களோடு டி.சி. பில் எனும் விவரப் பில்லை அனுப்பாமல் இழுப்பது இன்னொரு வியாதி. இரண்டும் ஆடிட் பாராவில் வந்து நிற்கும். மாதாமாதம் துறையின் கணக்கை ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) அலுவலகக் கணக்கோடு ஒத்துப்பார்த்தால் ஓர் இலக்கம் மாறி வேறு தலைப்பில் விழுந்த செலவை அப்போதே திருத்தலாம். வருடக் கணக்கு மூடியபின் கண்டுபிடித்தால் ஒரு தலைப்பில் மிகை, இன்னொன்றில் மிச்சம் என்று அச்சிலேயே ஏறிவிடும். விளக்கம் எழுதியே கை வலிக்கும்.

வழி என்று பார்த்தால், சி.எம்.ஏ. ஃபைனல் இருப்பதால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் கருவூலக் கணக்குத் துறை கணக்கு அலுவலர் தேர்வுக்குப் போகலாம். இடங்கள் குறைவு, தினமும் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஏ.ஜி. அலுவலகம் வேண்டுமானால் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதி உதவித் தணிக்கை அலுவலர் அல்லது உதவிக் கணக்கு அலுவலர் ஆகலாம். உள்ளே போனபின் எஸ்.ஏ.எஸ். எனும் துறைத் தேர்வு இருக்கிறது, அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். சம்பளத்தில் கம்பெனிக்காரர்களோடு போட்டி போட முடியாது, அதை இப்போதே சொல்லிவிடு.

இந்த மாதமே ஒரு வேலை செய்யட்டும். நிதித்துறை இணையதளத்தில் மானியக் கோரிக்கை 43, பள்ளிக் கல்வி இருக்கும். அதில் 2202 02 109, அரசு உயர்நிலைப் பள்ளிகள். கணக்கு, திருத்திய மதிப்பீடு, வரவுசெலவு மதிப்பீடு என்று நிற்கும் பத்திகளைப் பக்கத்தில் வைத்து, எந்தத் தலைப்பில் வித்தியாசம் பெரிது, ஏன் என்று ஊகித்து எழுதட்டும். பிறகு அதே ஆண்டின் சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) நிதி ஒதுக்கக் கணக்கில் துறை சொன்ன காரணத்தைத் தேடிப் பார்க்கட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல், சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமநாதன்