மழைக்காலத்துக்கு முன் ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஊரைவிட்டு விலகிய அந்த வீட்டில் நாலு பேரும் நிம்மதியாக இருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் பாதை ஒன்றே ஒன்று என்றதுதான் மனதை உறுத்துகிறது. புயல் அடிப்பது சில மணி நேரம். பாதையில் மரம் சாய்ந்து, மின்கம்பமும் விழுந்துவிட்டால் யாரும் வந்துசேர நாளாகும். இரண்டு வாரத்துக்குக் கணக்குப் போட்டு வை.

முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். 14 நாளைக்கு 224 லிட்டர் மூடிய கேன்களில் இருக்கட்டும். மேல்தொட்டியையும் நிரப்பிவிடு. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் கனம், காற்றுக்கு லேசில் அசையாது. காலித் தொட்டிதான் பறக்கும். நிரப்பியதும் அடி வால்வை மூடு, குழாய் உடைந்தாலும் தண்ணீர் மிஞ்சும். கிணற்றில் வெள்ளம் புகுந்தால் கொதிக்கவைத்தே குடியுங்கள். பூச்சிமருந்தோ டீசலோ கலந்திருந்தால் கொதிக்கவைத்தும் பயனில்லை, தொடவே வேண்டாம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்கு. தகரக் கூரை முதலில் கிளம்புவது ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும்தான். அங்கெல்லாம் ஆணியை எடுத்துவிட்டு ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ போடு, நெருக்கமாக. சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்துவிடு. சன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பார்கள், நம்பாதே. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தூக்கும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்கும்படி வை. திண்ணைகூட வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொன்றுவிடும். சுவர் பிளக்கில் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்காதே. அது வெளிக்கம்பிக்கு ஏறி, பழுதுபார்க்கும் லைன்மேனைத் தாக்கும். வெளிக்கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். மாதம் ஒருமுறை விளக்கு, மின்விசிறி என்று ஏதாவது இணைத்து ஓட்டி, பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடு.

காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே போகாதீர்கள். புயலின் கண், அதாவது அதன் நடுவிலுள்ள அமைதியான பகுதி, கடந்துபோகும் நேரமாக இருக்கலாம்; அடுத்த காற்று எதிர்த்திசையிலிருந்து வரும்.

ஜெனரேட்டர் எத்தனை வாட், பம்பு எத்தனை குதிரைத்திறன் என்று எழுது. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்