முத்து பிளேன் ஏறுமுன்

பாளையங்கோட்டை
ஆடி 28

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. குற்றாலத்தில் சாரல் குறைவில்லை, அம்பையில் வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். கொடுத்து வைத்தவன். இங்கே பாளையில் காற்று மட்டும்தான் வருகிறது, வரும்போது தெருப் புழுதியையும் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது.

உன் மகள் முத்துவுக்கு லண்டனில் படிக்க இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாய், ‘ஊர் பத்திரமானதுதானா’ என்று. மதினி மூன்று கேட்டிருக்கிறார்கள்: எத்தனை பவுன் போட்டு அனுப்பலாம், பையில் மிளகாய்ப்பொடி வைக்கலாமா, ராத்திரி வெளியே போகலாமா. உன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது லே. மதினி கேட்டது ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

பவுன்: ஒன்றும் வேண்டாம். காதில் கிடக்கும் சின்னத் தோடு போதும். நம்மவர் வீட்டில் 22 காரட் நகை இருக்கும், அதுவும் பாங்க் லாக்கரில் இருக்காது, பீரோவில்தான் இருக்கும் என்பது லண்டன் திருடனுக்கு நல்லாத் தெரியும். தீபாவளி நெருங்கினால் போலீசே இந்தியக் குடும்பங்களை எச்சரிக்கும். மாணவர் தங்கும் அறையில் பூட்டு ஒப்புக்குத்தான் இருக்கும். இன்னொரு வித்தையும் உண்டு. ஓரமாக ஒரு கார் வந்து நிற்கும். உள்ளே இருக்கிற பெண் வழி கேட்பாள், நன்றி என்று கட்டிப்பிடிப்பாள், ஒரு கவரிங் மாலையைக் கழுத்தில் மாட்டிவிடுவாள். கார் போன பிறகு பார்த்தால் கவரிங் இருக்கும், அசல் இருக்காது. வயதானவர்களிடம்தான் இதை அதிகம் செய்கிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு மதினி போகும்போது நினைவு வைத்துக்கொள்ளட்டும்.

மிளகாய்ப்பொடி: சமையலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும். ‘எவனாவது வந்தால் மூஞ்சியில் வீசலாம்’ என்று கைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் குற்றவாளி அவளேதான். ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு பொது இடத்தில் வைத்திருக்கும் எதுவும் அந்த நாட்டுச் சட்டத்தில் ஆயுதம். தற்காப்புக்கு என்று சொன்னாலும் செல்லாது. பெப்பர் ஸ்ப்ரே இன்னும் மோசம், 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட ஆயுதங்களோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பேனாக்கத்தி என்றால் மடங்க வேண்டும், விரித்தபின் பூட்டிக்கொள்ளக் கூடாது, அலகு 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தேங்காய் கீறுகிற கத்தியை வாங்கினால் கடைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் நேரே அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சட்டம் அனுமதிப்பது, ஊசியைப் பிடுங்கினால் கூவும் கையலாரம். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இனி நீங்கள் ரெண்டு பேருமே கேட்காத விஷயம். புது ஐபோன் வாங்கிக் கொடுத்திருக்கிறாயாம். லண்டன் தெருவில் அவளிடம் பறிக்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான்.

நம்மூரில் செயின் பறிப்பவன் எப்படி வருவான்? பைக்கில் பின்னாலிருந்து வருவான், ரோட்டோரம் நடக்கிறவள் கழுத்தில் கை போடுவான், முறுக்கிக்கொண்டு போய்விடுவான். அங்கேயும் அதே தொழில்தான். கழுத்துக்குப் பதில் கை, செயினுக்குப் பதில் போன். வண்டி மட்டும் எலெக்ட்ரிக் சைக்கிள், சத்தமே வராது. நடைபாதைமேல் ஏற்றியே வருவான். பூட்டிய போனுக்கு அவனுக்கு விலை குறைவு. கையில் விரித்து மேப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பறித்தால் உள்ளே இருக்கிற பாங்க் கணக்கும் சேர்ந்து வரும். அதனால்தான் சுரங்க ரயில் நிலைய வாசலில் காத்திருக்கிறான். ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் படியேறி வெளியே வந்ததும் அந்த இடத்திலேயே நின்று போனை எடுப்பார்கள். ஊருக்குப் புதுசு என்றால் இன்னும் கொஞ்சம் அதிகநேரம் நிற்பார்கள்.

ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்று தனி அடையாள எண் உண்டு. பிரிட்டனில் திருட்டுப் போனின் அந்த எண்ணை எல்லாக் கம்பெனியும் சேர்ந்து முடக்கிவிடும், அங்கே அது வேலை செய்யாது. அந்தத் தடை சீனாவில் செல்லாது என்பதால் போன் கப்பல் ஏறுகிறது. 2025 அக்டோபரில் லண்டன் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்ததை அறிவித்தது. ஒரே வருஷத்தில் 40,000 போன் வரை சீனாவுக்குக் கடத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பறிகொடுத்த ஒருவர் தன் போன் எங்கே இருக்கிறது என்று தடம் பார்த்து, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கைக் காட்டியதுதான் துப்பு. அங்கே ஹாங்காங் போகவிருந்த பெட்டியில் ஆயிரம் ஐபோன் போலக் கிடந்தன. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு முத்துமேல் கோபமும் இல்லை, அவள் யார் என்றும் தெரியாது. அவள் கை நடைபாதையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அவன் கணக்கு.

ஆகவே அந்தக் கையை மாற்ற வேண்டும். வழியை ரயிலுக்குள்ளேயே பார்த்து, இடம் வலம் இத்தனை என்று மனசில் ஏற்றிக்கொண்டு வெளியே வரட்டும். மறுபடி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் நுழையட்டும், இல்லாவிட்டால் சுவரில் முதுகு சாய்த்து நிற்கட்டும். நடைபாதை விளிம்பில் நின்று பார்க்கவே கூடாது. அங்கேயும் வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது என்பதால், வலது பக்க நடைபாதையில் போனால் ரோட்டு வண்டி எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். போன், ரோட்டுப் பக்கத்துக் கையில் இருக்க வேண்டாம். இயர்போனைக் காதில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். குளிர்காலக் கோட்டின் வெளிப்பையில் போனை வைப்பது, பந்தியில் செருப்பைக் கழற்றிப் போடுவது மாதிரி. திரும்பி வரும்போது இருந்தால் அதிர்ஷ்டம். காபிக் கடை மேசைமேல் வைத்தால், ஒருவன் வரைபடத்தை விரித்து அதன்மேல் வைத்து வழி கேட்பான். வரைபடத்தை எடுக்கும்போது போனும் அடியில் சேர்ந்து போகும்.

கத்தியைக் காட்டிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். இதில் வாதமே கிடையாது என்று நீயே அவளிடம் சொல்லு. அவள் உன் பெண், ஆயிரத்தெட்டு நியாயம் பேசுவாள்.

போன் போவதால் வரும் நஷ்டம் கொஞ்சம்தான். அதன் பின்னாலேயே பாங்க், ஈமெயில், விசா என்று வரிசையாகப் போவதுதான் பெருநஷ்டம். அதைத் தடுக்கிற வேலை முழுக்க அம்பையில் உட்கார்ந்து இந்த வாரமே செய்கிற வேலை.

ஐபோனில் ‘ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன்’ என்று ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் ‘ஃபேஸ் ஐடி & பாஸ்கோட்’ என்ற பக்கத்தில் கிடக்கும். அது இயங்குகிறதா என்று பாருங்கள். ‘எப்போதும்’ என்று வைத்துவிட்டால், ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முகத்தைக் காட்டி, ஒரு மணி நேரம் காத்து, மறுபடி முகத்தைக் காட்ட வேண்டும். பாஸ்கோடு தெரிந்த திருடனும் அந்த ஒரு மணி நேரத்தில் சிக்கிக்கொள்வான். அதே பக்கத்தில், பூட்டிய திரையில் கன்ட்ரோல் சென்டர் திறக்காதபடி அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பறித்தவன் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுவான், அப்புறம் எங்கே தேடுவது? பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியக் கூடாது. ஓடிபி அங்கேதான் வந்து விழுகிறது.

சிம்முக்கும் ஒரு பின் நம்பர் உண்டு. நம்மூரில் யாரும் போடுவதில்லை. போடாவிட்டால் சிம்மை உருவி வேறு போனில் செருகி எல்லா ஓடிபியையும் வாங்கிவிடலாம். பின் போடும்போது கம்பெனி முதலில் வைத்திருக்கும் பின்னைக் கேட்கும், அது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஊகித்து அடிக்க வேண்டாம், மூன்று தடவை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு பியுகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். பிரிட்டன் நம்பரை இசிம்மாக, அதாவது போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, வாங்கிவிட்டால் உருவுகிற பேச்சே இல்லை.

இப்போது முக்கியமான சங்கதி, இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இங்கத்திய பாங்க் ஓடிபி வருகிற இந்திய சிம் அந்தப் புதுப் போனில் இருக்கக் கூடாது. வீட்டில் கிடக்கிற பழைய போனில் போட்டு, அதை அறையிலேயே வைக்க வேண்டும். இந்திய சிம் லண்டன் தெருவில் தொலைந்தால், மாற்று சிம் வாங்க யார் பேரில் இருக்கிறதோ அவரே பெரும்பாலும் அடையாள அட்டையோடு நேரில் போக வேண்டும். அவள் அங்கே இருப்பாள், கடை இங்கே இருக்கும். மாற்று சிம் கிடைத்தாலும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்வது உன் பொறுப்பு. விட்டுவிட்டால் நம்பர் செத்துவிடும், பாங்க் கணக்கும் ஊமையாகிவிடும்.

*#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதை உன் பால் கணக்கு நோட்டில் எழுதி வை. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைக்கட்டும். அடையாள அட்டையோடுதான் தெருவில் நடக்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் கிடையாது. விசா இப்போது காகிதமாகவோ அட்டையாகவோ வருவதில்லை, இணையக் கணக்காக இருக்கிறது. அதில் நுழைய போனுக்கோ ஈமெயிலுக்கோ ஒரு குறியீடு அனுப்புவார்கள். ஆகவே அந்த ஈமெயில், புதுப் போன் இல்லாமலே பழைய போனில் திறக்க வேண்டும்.

மனப்பாடமாக மூன்று தெரிந்திருக்க வேண்டும்: ஆப்பிள் கடவுச்சொல், அங்கே ஒரு தோழியின் நம்பர், உன் நம்பர். போன் போனால் அடுத்தவர் போனில் ஐகிளவுடின் ‘ஃபைண்ட்’ பக்கத்தைத் திறந்து ‘தொலைந்தது’ என்று குறிக்கலாம். ஆப்பிள் வழக்கமாக உன் போனுக்கு அனுப்பிக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டை இந்த ஒரு வேலைக்கு மட்டும் கேட்காது, கடவுச்சொல் போதும். அடுத்து பாங்குக்கு. 159 அடித்தால் பெரும்பாலான பெரிய வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு கிடைக்கும். பிறகு சிம் கம்பெனி. பிறகு 101, அவசரமில்லாத போலீஸ். அவர்கள் கொடுக்கும் குற்றப் பதிவு எண் இல்லாமல் இன்சூரன்ஸ் பைசா தராது. சில நாள் கழித்து, ‘உங்கள் போன் கிடைத்தது, இந்த இணைப்பைத் தொடுங்கள்’ என்று ஆப்பிள் மாதிரியே செய்தி வரும். அனுப்புகிறவன் திருட்டுப் போனை வாங்கியவன். கணக்கிலிருந்து போனை நீக்கும்வரை அது அவனுக்கு வெறும் கண்ணாடிச் சில்லு, அதனால் கெஞ்சுவான், மிரட்டவும் செய்வான். நீக்கவே கூடாது.

உயிருக்கு ஆபத்தென்றால் 999. பேச முடியாத நிலையில் இருந்தால் கைபேசியிலிருந்து அடித்து, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீசுக்கு மாற்றிவிடுவார்கள். ஆனால் 55 அழுத்துவதால் அவள் இருக்குமிடம் போலீசுக்குத் தெரிந்துவிடாது, முடிந்தால் இருமியாவது காட்ட வேண்டும். ரயிலில் எவனாவது தொந்தரவு செய்தால் 61016க்குக் குறுஞ்செய்தி, அது ரயில்வே போலீஸ்.

மதினியின் மூன்றாவது கேள்வி, ராத்திரி. தாராளமாகப் போகலாம், பஸ் ராத்திரி முழுக்க ஓடும். மாடி பஸ்ஸில் கீழ்த்தட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரட்டும். தெருவில் கைகாட்டி ஏறலாம் என்றால் அது கறுப்பு டாக்ஸி மட்டும்தான். மற்ற வாடகைக் கார் எதுவானாலும் முன்பதிவு செய்திருக்க வேண்டும். வாசலில் நின்று ‘டாக்ஸியா?’ என்று கூப்பிடுகிறவன் வண்டியில் ஏறவே கூடாது. ஆப்பில் பிடித்த காரென்றால் நம்பர் பிளேட்டைப் பார்த்து, ‘யாருக்காக வந்தீர்கள்?’ என்று டிரைவரைக் கேட்க வேண்டும். இவள் பெயரை இவள் முதலில் சொல்லக் கூடாது.

தெருவில் இருக்கிற திருடனைவிட, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே அலைகிற மோசடிக்காரன்தான் எனக்குப் பயம். சாதாரண உடையில் வந்து ‘போலீஸ், கள்ள நோட்டுப் பார்க்க வேண்டும், பர்ஸைக் காட்டு’ என்பான். அசல் போலீஸ் நோட்டு எண்ண மாட்டான். ‘உன் விசாவில் சிக்கல், இப்போதே பணம் கட்டு’ என்று உள்துறை அமைச்சகத்தின் பெயரில் போன் வரும். வைத்துவிட வேண்டியதுதான். எல்லாவற்றிலும் மோசமானது, ‘உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், என் கணக்குக்கு மாற்றிவிடு, கமிஷன் எடுத்துக்கொள்’ என்று, சில சமயம் தமிழிலேயே, தெரிந்த பையனே கேட்பது. அது திருட்டுப் பணம். கணக்கை மூடிவிடுவார்கள், வேறு பாங்கில் திறப்பதும் கஷ்டம். பணச்சலவை வழக்கில் 14 வருஷம் வரை தண்டனை உண்டு, விசா அதற்கு முன்னாலேயே போய்விடும். படித்த பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

வீட்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று: அறையைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே, எவ்வளவு மலிவு என்றாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை முத்துவைக் கூட்டிக்கொண்டு வா. புதுப் போன், பழைய போன், சார்ஜர் ரெண்டு, சிம் எடுக்கிற ஊசி எல்லாம் இருக்கட்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி எடுத்து வர வேண்டாம், மனசிலிருந்து அடிக்கட்டும், வருகிறதா பார்ப்போம். காலையில் உட்கார்ந்தால் உச்சிக்குள் முடிந்துவிடும், சொதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மதினி திரித்த மிளகாய்ப்பொடி லண்டனுக்கு எத்தனை கிலோ போகிறதோ தெரியாது, எனக்கு அரைக் கிலோ மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
கணபதி