கனகராயன் ஆற்றோடு வருவதென்றால்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சோளகக் காற்று பிடித்துவிட்டது, எங்கும் தூசு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டங்களில் வழக்கமான வாக்குவாதம்தான்.

பிள்ளைகளுக்கு வன்னிக் காட்டைக் காட்டவேண்டும், சுண்டிக்குளத்தில் பூநாரை பார்த்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது. அது ஆற்றின் வால். தலைப்பக்கமும் பார்க்கவேண்டும்.

கனகராயன் ஆறு வவுனியாவில் சேமமடுப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சத்தைச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விடுகிறது. சட்டக் காவல் பலமாக இருப்பது அந்தக் கடைசித் துண்டுக்குத்தான். 1938இல் அது பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. ஆனால் அங்கே வரும் பறவைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை மேலே உள்ள காடும் குளமும்தான் தீர்மானிக்கின்றன. நீரேந்துப் பகுதியில் காடு போனால் மண் கரைந்து குளத்துக்குள் இறங்கும். இரணைமடு 36 அடி நிரம்பிவிட்டது என்று செய்தியில் சொல்வார்கள். அது உயரக் கணக்கு. வண்டல் ஏறிய குளமும் அதே அடியைத்தான் காட்டும், உள்ளே தண்ணீர்தான் குறைவு. பிறகு ஒரு பெருமழைக்கே மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் வான்கதவைத் திறக்கவேண்டி வரும், கடனீரேரியும் ஒரேயடியாக ஆழமாகிவிடும். சேற்றில் அலகு குத்தித் தின்னும் சின்னக் கரைப்பறவைகளுக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது.

மணல் அகழ்வு இதைவிட மோசம். ஆற்று மணல் மாரித் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கோடையில் மெல்லக் கசியவிடும். அதை லொறி லொறியாக அள்ளினால் ஆற்றடி தாழும். பக்கத்துக் கிணறுகளின் மட்டமும் கூடவே இறங்கும். கரையில் நிற்கும் மருதமரங்களைப் பார். வேர் வெளியே தொங்கினால், வேரடியிலிருந்து இப்போதைய ஆற்றடிவரை அளந்தால், ஏறத்தாழ எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். இதற்கு நிபுணர் குழு தேவையில்லை.

காணிப் பிரச்சினை பற்றியும் கேட்டிருந்தாய். போரில் இடம்பெயர்ந்த சனத்தின் வயலும் வளவும் ஆண்டுக்கணக்காகப் பற்றை பிடித்துக் கிடந்தன. மேலிருந்து எடுத்த படத்தில் அதுவும் பச்சை, காடும் பச்சை. அதனால் உறுதியும் அனுமதிப்பத்திரமும் வைத்திருப்பவனின் காணிக்குள் காட்டு எல்லைக்கல் வருகிறது. மறுபக்கம், இந்த நியாயமான குறையைச் சாட்டாக வைத்துப் பழைய காட்டையே வெட்டித் துப்புரவாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய நடந்து பார்த்தால் போதும். பாலையும் வீரையும் மிக மெதுவாக வளர்கிற மரங்கள். ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் பாலை நிற்கிற இடம் நேற்றைய வயலாக இருக்கவே முடியாது. நாயுண்ணியும் ஈச்சையும் காரையும் அடர்ந்து, இடையில் தென்னையோ மாமரமோ, தூர்ந்த கிணறோ, கரைந்துபோன வரம்போ தெரிந்தால் அது ஊர். இடையில் தனிப் பாலை ஒன்று நின்றால் ஏமாறாதே, வளவுக்குள்ளும் நிழலுக்கு விட்டிருப்பார்கள். கூட்டமாக நிற்கிறதா என்று பார். எல்லைக்கல் போடமுன் இந்த நடையை நடந்திருந்தால் பாதி வழக்கு இருக்காது என்பது என் எண்ணம்.

இனி, வரும்போது கவனிக்கவேண்டியவை. கண்ணிவெடி என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ சிவப்புத் தலைக் கட்டையோ கண்டால் அங்கேயே நில், வந்த காலடியிலேயே திரும்பு. பலகை இல்லாத இடத்திலும் சனம் நடந்த பாதையை விட்டு இறங்காதே. வெள்ளம் பாய்ந்த இடத்தில் பழைய வெடிபொருட்கள் இடம் மாறியிருக்கும். துருப்பிடித்த இரும்பு எதையும் பிள்ளைகள் தொடக்கூடாது. காவல்துறைக்கு இடத்தைச் சொன்னால் போதும்.

வைகாசி தொடக்கம் ஆடிவரை பாலைப்பழம். அந்த மரங்களின் கீழே கரடி நிற்கும். அதற்குப் பார்வை குறைவு, கிட்டப் போகும்வரை உன்னைத் தெரியாது, தெரிந்ததும் பயத்தில் பாயும். ஆகவே கதைத்துக்கொண்டே நட. கண்டால் ஓடாதே, பின்பக்கமாக மெதுவாக விலகு. குளத்தை அணைக்கட்டின்மேல் நின்று பார், தண்ணீர் விளிம்பான அலைகரையில் இறங்காதே. முதலை இல்லாத பெரிய குளம் இங்கே அரிது. வான் பாயும் பாதையில் தண்ணீர் கணுக்காலளவுதான் என்று மோட்டார் சைக்கிளை விட்டவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அரைக்காற்சட்டையோடு காட்டுக்குள் வருகிற உங்கள் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வா. நீளக் காற்சட்டை, அதன் நுனி காலுறைக்குள். உண்ணி ஏறினால் நெருப்போ மண்ணெண்ணெயோ வைக்காதே. சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழு. திரும்பிப்போய் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது கருகிய சின்னப் புண் இருந்தால், காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் முதலிலேயே சொல். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து சுலபம். உங்கள் நாட்டு வைத்தியருக்கு அது நினைவுக்கு வருவதுதான் கஷ்டம்.

பூங்காவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேண்டும். ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். ட்ரோன் கொண்டுவராதே.

எந்த மாதம் என்று முதலில் எழுது. மார்கழி, மாசிக்குள் என்றால் கடனீரேரியில் வலசைப் பறவைகள் நிற்கும், ஆனால் மேலே பாதை சேறு. ஆவணி, புரட்டாதி என்றால் வற்றின குளத்தில் புல் முளைத்து ஆனைகள் இறங்கும், பின்னேரம் நாலு மணிக்குமேல் குளக்கட்டின்மேல் நின்று பார்க்கலாம். பூநாரை மட்டும் அப்போது கிடைக்காமல் போகலாம். இரண்டும் ஒரே பயணத்தில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்