வாயுள்ள பிள்ளைக்கு மட்டும்தானா நல்ல சம்பளம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட உயர்கல்வி வழிகாட்டி இணைப்பைப் படித்தேன். கட்-ஆஃப், கலந்தாய்வு விவரமெல்லாம் சரி. ஆனால் எந்தப் படிப்பைப் பற்றி எழுதினாலும் கடைசியில் 'கூச்சத்தை விடுங்கள், நன்றாகப் பேசப் பழகுங்கள்' என்றுதான் முடிகிறது. 31 வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கை தூக்காமலே நோட்டில் சரியான விடையை எழுதி வைத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள், அவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் மகளும் அப்படித்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தனியாக இருந்தால்தான் அவளுக்குத் தெளிவு வரும். அதே பெண் தன் இரண்டு சிநேகிதிகளிடம் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசுவாள், ஆக அது பயமும் இல்லை, குறையும் இல்லை, சுபாவம். பி.எஸ்சி. புள்ளியியல் முடிக்கும்போது கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த ஒரு நிறுவனம் எழுத்துத் தேர்வில் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குழு விவாதத்தில் 'பேசவே இல்லை' என்று கழித்துவிட்டது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் அவள் எப்படிப் பேசுவாள்? அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் அவளுடைய பேராசிரியர் ஒருவர்தான் ஆக்சுவரி படிப்பைப் பற்றிச் சொன்னார். கணக்கு வாத்தியாரான எனக்கே அப்போது அது தெரியாது. நாம் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு இருக்க வேண்டும், நாளைக்கு எல்லோருக்கும் பணம் கொடுக்க நிறுவனம் இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்கிடுகிறவர்தான் ஆக்சுவரி. நம் நாட்டில் ஒவ்வொரு ஆயுள் காப்பீட்டு நிறுவனமும் இப்படி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். நவி மும்பையில் இருக்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் தேர்வுகளை நடத்துகிறது, பிளஸ் டூ முடித்தவர்களே நுழைவுத் தேர்வை எழுதலாம். முழுத் தகுதி பெற மொத்தம் 13 தாள்கள். சுலபம் என்று சொல்லவே மாட்டேன், வருடக்கணக்கில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், ஒரே தாளை இரண்டு மூன்று தடவை எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தத் தனிமை யாருக்குச் சுமை இல்லையோ அவர்களுக்கு இது பொருந்தும். அந்த 13 தாள்களில் ஒன்று, கணக்குத் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதிக் காட்டுகிற தேர்வு. நிதானமாக யோசித்து எழுதும் பிள்ளைக்கு அது கைவந்த கலை.

மகள் நான்கு தாள் முடித்ததுமே வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். இரண்டாவது வருடமே அவள் சம்பளம் நான் ஓய்வுபெறும்போது வாங்கியதைத் தாண்டிவிட்டது.

இது ஒன்றுதான் என்றும் இல்லை. புள்ளியியல் படித்தவர்களுக்கு மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. யு.பி.எஸ்.சி. நடத்தும் அந்தத் தேர்வில் எழுத்துக்கு 1,000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200தான். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் தொடக்கத்தில் அதேதான். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு நாள் முழுக்க நோயாளிகளோடு பேசுவது ஒத்துவராதவர்கள் பேத்தாலஜி எடுக்கலாம், கட்டி புற்றுநோயா இல்லையா என்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது அவர்கள்தான். மின்னணுவியல் படித்தவர்களுக்குச் சிப் வடிவமைப்பு இருக்கிறது. அதிலும் வடிவமைத்த சிப்பில் பிழை தேடும் வேலைக்குப் பேச்சைவிடப் பொறுமைதான் முதலீடு.

பேச்சே தேவைப்படாத வேலை எதுவும் இல்லை, எனக்கும் தெரியும். மகளும் மாதத்துக்கு ஒரு தடவை மேலதிகாரிகள் முன்னால் தன் கணக்கை விளக்குகிறாள். தயார் செய்துகொண்டு போய் விஷயத்தைப் பேசுவது வேறு, கூட்டத்தில் முந்திக்கொண்டு பேசுவது வேறு. முதலாவதை எல்லாப் பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள்.

ஆகவே அடுத்த வருட இணைப்பில் இந்த வேலைகளுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். என்ன தேர்வு, எங்கே விண்ணப்பிப்பது, எத்தனை வருடம் ஆகும், என்ன செலவு என்று விவரமாகப் போடுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை பேசவில்லை என்று ஆயிரக்கணக்கில் கட்டி ஆளுமை வளர்ச்சி வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால், அது தனியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோவில்பட்டி.