பாட்டு சாருக்காக வந்து நின்ற எல்லோருக்கும்

ஆண்டவருக்குள் பிரியமான சபையாருக்கும், அப்பாவிடம் பாட்டு படித்த பிள்ளைகளுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அப்பாவின் கடைசி நாட்களில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அம்மாவும் அதைப் படிக்க வேண்டாம். நன்றி சொல்வதை ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

கூப்பிட்ட நேரத்துக்கு வந்து ரத்தம் கொடுத்த தம்பிகள், அம்மாவை அதட்டி உட்காரவைத்துச் சாப்பிட வைத்த நர்ஸ் அக்காக்கள், காட்பாடியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் லீவு போட்டு ஓடிவந்த, சபைப் பாட்டுக்குழுவான கொயரில் பாடிய பழைய ஆட்கள், பந்தல் முதல் ஐஸ் பெட்டி வரை பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அண்ணன், ஆயர் ஐயா, இன்னார் என்று சொல்லாமலே திண்ணையில் சாப்பாடு வைத்துவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேரியர்களைக் கழுவி வைத்திருக்கிறோம். அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய். பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றுக்கு, ஒரே நேரத்தில் சேர்ந்து பாட அப்பா நாலு தனித்தனிக் குரல் அமைத்திருந்தார் அல்லவா, அதையே அடக்க ஆராதனையில் பாடலாம் என்று கொயர் முடிவெடுத்தபோது கடைகள் அடைக்கும் நேரம். கையில் இருந்தது அவருடைய நோட்டு ஒன்றுதான். எல்லாம் பென்சில் எழுத்து, பாதி மங்கிவிட்டது. அப்பாவுக்கு ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் நன்றாகத் தெரியும். ஆனால் கொயருக்கு எழுதுவது எப்போதும் டோ, ரே, மி என்று ஸ்வரங்களை எழுத்தாலேயே குறிக்கும் டோனிக் சோல்ஃபாதான். இங்கிலாந்தில் ஜான் கர்வன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பரப்பிய முறை, நம் பிள்ளைகளுக்கு ஆகாதா என்பார். "டோ ஒரே இடத்தில் நிற்காது கண்ணு, நம்ம ‘ச’ மாதிரி சுருதிக்குத் தக்கபடி நகரும்" என்று அவர் சொல்லித்தந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த எழுத்தில் தாளமெல்லாம் புள்ளிக் கணக்கு. இரட்டைப் புள்ளி போட்டால் அடுத்த தட்டு, ஒற்றைப் புள்ளி போட்டால் தட்டு இரண்டாக உடையும். பென்சில் புள்ளி நகலில் விழாமல் போனாலும் கெட்டது, மெஷின் கண்ணாடியில் இருக்கும் தூசி புதுப்புள்ளியாக விழுந்தாலும் கெட்டது.

பாய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். நோட்டைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை, ஷட்டரைத் தூக்கினார். முதலில் கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஒரு வெள்ளைத் தாளை நகலெடுத்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. மறுபடி துடைத்தார். "சார் இதுக்குத்தான் என்னைத் திட்டுவார்மா. ‘பாய், நீங்க ஒரு புள்ளி வெச்சா என் டெனர்காரன் அரைத்தட்டு முன்னாடி ஓடிருவான்’னு." பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் கறுப்பைக் கூட்டிக் குறைத்து, எழுத்து தெளிகிற வரைக்கும் விடவில்லை. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேல்குரலிலிருந்து கீழ்க்குரல் வரை நாலு கட்டாகப் பிரித்துத் தந்தார். ஸ்டேப்ளர் பின் அடித்தது மூலையில் அல்ல, இடது ஓரத்தில் இரண்டு இடத்தில். பக்கம் திருப்பும்போது சத்தம் வரக்கூடாதாம், அதுவும் சார் சொன்னதாம். காசை நீட்டினேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சொந்தப் பிள்ளை எனக்கே இந்தப் பின் விஷயம் தெரியாது. கொயரில் ஒரு நாளும் நிற்காத மனுஷர் அப்பாவிடம் இத்தனை பாடம் படித்திருக்கிறார்.

மறுநாள் நீங்கள் கேட்டீர்கள். கீர்த்தனைக்கு எதற்கு நாலு குரல், ராகம் கெட்டுப்போகும் என்று ஒரு காலத்தில் பெரியவர்கள் முணுமுணுத்த அதே அமைப்பு. அப்பா மெட்டில் கை வைக்கவே இல்லை. அதை அப்படியே சோப்ரானோவுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று குரலையும் தம்பூரா பிடிப்பதுபோல் அடியில் நீட்டி நிறுத்தினார். எனக்குத் தெரிந்து அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். அன்றைக்கு யாரும் முணுமுணுக்கவில்லை. டெனரும் முன்னால் ஓடவில்லை.

அப்பாவின் நோட்டுகள் எல்லாவற்றையும் மையில் எழுதி வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் கொயர் நிற்காது. சனிக்கிழமை சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கே அனுப்புங்கள். அப்பா அளவுக்கு எனக்கு வராது, ஆனால் சுருதி தப்பினால் விடமாட்டேன்.

உங்களில் பலர் வீட்டில் அவர் கையால் எழுதித் தந்த தாள்கள் இருக்கும். தயவுசெய்து மங்கிய இடத்தில் பேனாவால் மேலே எழுதிவிடாதீர்கள். பாயிடம் கொடுத்தால் போதும், நகலெடுத்துக்கொண்டு உங்கள் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அவரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் கடை இருக்காது.